புயல் அளந்த தேநீர் இடைவேளை

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த முதல் ஆண்டு. கருத்தரங்குக்குக் கிளம்பும்போது என் நெறியாளர் சொன்னார்: "பேப்பர் வாசிக்கிறதெல்லாம் கால் மணி நேர வேலைம்மா. நீ டீ குடிக்கப் போ." கிண்டல் என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த டீயை அறிவியல் முறைப்படி அளந்தே பார்த்திருக்கிறார்கள் என்று.

என் துறை தகவல் முறைமை. "அப்போ கம்ப்யூட்டர் சயின்ஸா?" என்று கேட்காத உறவினர் கிடையாது. இல்லை. கணினியை எப்படிச் செய்வது என்பது அவர்கள் கவலை. செய்து வைத்ததை மனிதர்கள் ஏன் எடுத்துக்கொள்கிறார்கள், ஏன் ஒதுக்குகிறார்கள் என்பது எங்கள் கவலை. எங்கள் தெருமுனை டீக்கடைக்காரர், பணம் வந்ததும் குரல் கொடுக்கும் பெட்டியை முழுசாக நம்புகிறார். மாதக் கணக்கைச் செயலியில் பாருங்கள் என்றால் கல்லாவுக்கு அடியிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுக்கிறார். ஏன்? 1989இல் ஃபிரெட் டேவிஸ் என்பவர் எழுதிய கட்டுரை இதற்கு இரண்டு அளவுகோல்களைத் தந்தது. இது எனக்குப் பயன்படுமா? இதைக் கையாள்வது எளிதா? இரண்டில் பயன்தான் கனமானது என்றும் அவர் கண்டார். பயன் இருக்கிறதென்றால் கொஞ்சம் சிரமத்தை மனிதர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

துறைக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. அதன் பெரிய பன்னாட்டு மாநாடு முதன்முதலில் கூடியது 1980இல், பிலடெல்பியாவில். ஒருவர் கட்டியதன் மேல் அடுத்தவர் கட்டினால்தான் இதை ஒரு துறை என்று சொல்ல முடியும் என்று பீட்டர் கீன் வாதிட்டது அங்கேதான். 2020 டிசம்பரில் அந்த மாநாடு இந்தியாவுக்கு வருவதாக இருந்தது. கொரோனா அதைத் திரைக்குள் தள்ளியது. தொழில்நுட்பத்தை மனிதர்கள் எப்படி ஏற்கிறார்கள் என்று ஆராய்பவர்கள், தாங்களே அந்த ஆய்வின் எலிகளாக உட்கார நேர்ந்தது. 2023 டிசம்பரில் மாநாடு ஐதராபாத்தில் நேரில் கூடியது. சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவைதான் அந்த ஆண்டின் கருப்பொருள்.

டேவிஸின் அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் திரை தோற்றிருக்கவே கூடாது. விசா வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம், எல்லாக் கட்டுரைகளையும் கேட்கலாம். எளிமையும் உண்டு, பயனும் உண்டு. பிறகு எதற்காக அத்தனை பேரும் மூட்டை கட்டிக்கொண்டு திரும்ப வந்தார்கள்?

நேரில் போவதால் என்ன கிடைக்கிறது என்று அளப்பது லேசான காரியமில்லை. மாநாட்டுக்குப் போனவர்கள் பிறகு நிறையப் பேருடன் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று காட்டினால், அவர்கள் முன்பே சுறுசுறுப்பானவர்கள், அதனால்தான் போனார்கள் என்று யாரும் மடக்கிவிடலாம். யார் போவது, யார் போகாமலிருப்பது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தால்தான் உண்மை தெரியும். அமெரிக்காவில் ஒருமுறை அந்த நாணயத்தை ஒரு புயல் சுண்டியது.

2012 ஆகஸ்ட் இறுதி. அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு நியூ ஆர்லியன்ஸில். யார் எந்த அமர்வில் என்பது உட்பட நிகழ்ச்சி நிரல் முழுவதும் தயார். ஐசக் புயல் நகரை நோக்கி வர, தொடங்குவதற்குச் சற்று முன்பு மாநாடு ரத்தானது. ஆனால் நிகழ்ச்சி நிரல் மிஞ்சியது. சந்தித்திருக்க வேண்டியவர்கள், ஆனால் சந்திக்காதவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெயர்கள். பிற்பாடு சில பொருளியலாளர்கள் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்தார்கள். அதில் இருந்தவர்கள் அடுத்த ஆண்டுகளில் யாருடன் சேர்ந்து எழுதினார்கள் என்று துருவி, ரத்தாகாத கூட்டங்களுடன் ஒப்பிட்டார்கள். பங்கேற்பாளர்கள் ஒருவரோடொருவர் சேர்ந்து எழுதும் வாய்ப்பு 16 சதவீதம் குறைந்திருந்தது. கட்டுரைகள் தொலையவில்லை, அவை கணினியில் பத்திரமாகவே இருந்தன. தொலைந்தவை உறவுகள். நடக்காத சந்திப்புகளை எண்ணிப் பார்த்த இந்த ஆய்வைப் போல வேறெதுவும் என்னை வியக்க வைத்ததில்லை.

நாணயத்தை வேண்டுமென்றே சுண்டியவர்களும் உண்டு. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்க விரும்பிய ஏறத்தாழ 400 பேரைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு அறைகளுக்கு அனுப்பினார்கள். பேச 90 நிமிடம் கிடைத்தது. ஒரே அறையில் இருந்த இருவர் பிறகு சேர்ந்து விண்ணப்பிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 75 சதவீதம் அதிகமாக இருந்தது. எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். முன்பின் தெரியாத இருவர் கைகோப்பது எப்போதுமே அபூர்வம், அந்த அபூர்வமான வாய்ப்புதான் முக்கால் பங்கு கூடியது. ஆனாலும் ஒரே அறையில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான்.

திரையில் இது ஏன் நடப்பதில்லை? 2022இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு ஒரு காரணம் சொல்கிறது. ஒரு பொருளை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று இருவர் இருவராக யோசிக்கச் சொன்னார்கள். திரை வழியே பேசியவர்களுக்குத் தோன்றிய யோசனைகள் குறைவு. அவர்கள் கண்கள் எதிராளியின் முகத்திலேயே நிலைகுத்தி நின்றன. அறையில் வைத்திருந்த பொருள்களைக்கூட அவர்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. நேரில் இருந்தவர்களின் பார்வை அங்கே இங்கே அலைந்தது, கூடவே சிந்தனையும் அலைந்தது. ஆனால் வந்த யோசனைகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் திரைக்காரர்கள் சளைக்கவில்லை. முடிவெடுக்கத் திரை போதும், புதிதாக ஒன்று தோன்றத்தான் அது போதவில்லை.

இதில் எனக்கொரு சங்கடமும் உண்டு. டீ குடிக்கும் தாழ்வாரத்தில்தான் விஷயம் நடக்கிறது என்றால், விசாவும் பணமும் இல்லாத மாணவருக்கு அந்தத் தாழ்வாரம் கிடையாது. அவருக்குத் திரையாவது திறந்திருக்க வேண்டும். மாணவர்களின் பயணச் செலவைப் பல்கலைக்கழகங்கள் சலுகையாகப் பார்க்கக் கூடாது, அது ஆய்வுக் கருவி வாங்கும் செலவுக்குச் சமம்.

நம் ஊர்க் கல்லூரிகளில் கருத்தரங்கு நடத்தும் பேராசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இன்னும் சின்னது. குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரைகள் முடிவதற்குள் பத்து மணி அமர்வுக்குப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. இழந்த நேரத்தை ஈடுகட்ட, டீயை இருக்கைக்கே அனுப்பிவிட்டு இடைவேளையை எடுத்துவிடுகிறீர்கள். வாழ்த்துரையில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், இடைவேளையின் இருபது நிமிடத்தை மட்டும் விட்டுவையுங்கள்.