டிராக்டர் சொல்லும் நோய்

மாணவர்களே! இயந்திரத்தின் நோயையும் காதால் அறியலாம். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் தயாரான பெர்குசன் டிஇ20 டிராக்டரை எடுத்துக்கொள்வோம். பெரியவர் ஒருவர் இயக்கட்டும். நீங்கள் விலகி நின்று கேளுங்கள்.

வண்டி நியூட்ரலில் நிற்க, எஞ்சின் ஓடுகிறது. இரைச்சல் கேட்கிறதா? கிளட்சை மிதித்தால், எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்குச் செல்லும் சுழற்சி நின்றுவிடும். அதோடு இரைச்சலும் அடங்கினால் கோளாறு பெட்டிக்குள். பெரும்பாலும் பேரிங் தேய்ந்திருக்கும். மிதிக்கும்போதுதான் கீச்சிடுகிறதென்றால், கிளட்சை விடுவிக்கும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஒரே கியரில் மட்டும் சத்தமா? அந்தப் பற்சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி, பெட்டியின் எண்ணெயை வடித்துக் காந்தத்தால் துழாவுங்கள். மாவு போன்ற தூள், வழக்கமான தேய்மானம். பல்லின் துண்டு ஒட்டி வந்தாலோ, வண்டியை ஓட்டவே கூடாது. அத்துண்டு மற்றப் பற்களிடையே சிக்கினால் பெட்டியே உடையலாம்!