சுழல் எஞ்சினின் முதல் 40 மணி நேரம்

முன்பெல்லாம் புதிய கார்களின் பின்கண்ணாடியில் 'ரன்னிங்-இன்' என்று எழுதிய அட்டை ஒன்று தொங்கும். வண்டி புதிது, எஞ்சின் இன்னும் பழகவில்லை, மெல்லத்தான் போவேன், அவசரமுள்ளவர் முந்திச் செல்லலாம் என்பது அதன் பொருள். காருக்கு இது போதும். ஆனால் ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் தாமே கட்டிய விமானத்தில் புதிதாகப் பூட்டிய எஞ்சின் இருந்தால் என்ன செய்வார்? மெல்ல ஓட்டினால் விமானம் தரையை விட்டே எழும்பாது. தரையை விட்டு எழும் அந்த முதல் நிமிடத்திலேயே எஞ்சினிடம் முழுத் திறனையும் கேட்டாக வேண்டும். அந்த நிமிடத்திற்கு முன்பாக அதைப் பழக்குவது எப்படி? இதில் நீங்கள் வகுப்பில் படிக்கும் பௌதிகம் நிறையவே இருக்கிறது.

அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. வேலையில் பாதிக்கு மேல் அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி. இவர்களில் சிலர், விலை மிகுந்த விமான எஞ்சினை வாங்காமல், மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரிலிருந்து எடுத்த 13பி என்னும் சுழல் எஞ்சினைப் பிரித்து, புதிய உறுப்புகள் இட்டு, மறுபடி பூட்டி விமானத்தில் பொருத்துகிறார்கள். (முதல் உலகப் போர் விமானங்களிலும் சுழல் எஞ்சின் என்று ஒன்று இருந்தது. அதில் தண்டு நிலையாக நிற்க, உருளைகளே புரொபெல்லருடன் சேர்ந்து சுற்றும். மசகு எண்ணெய் நம் விளக்கெண்ணெய்! பெயர்தான் ஒன்று, ஆள் வேறு.)

நாம் பேசும் எஞ்சின் ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கல் வகுத்தது. என்.எஸ்.யு. நிறுவனத்தில் 1957-இல் முதன்முதலாக ஓடியது. இதில் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் இல்லை. பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணம் போன்ற சுழலி ஒன்று, இரட்டைப் பருப்பு நிலக்கடலை போல இடுப்பு லேசாக ஒடுங்கிய கூட்டினுள் சுற்றுகிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளும் எந்நேரமும் கூட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே மூன்று அறைகள் உண்டாகி, சுற்றச் சுற்றப் பெருத்தும் சிறுத்தும் வருகின்றன. உறிஞ்சுதல், அழுத்துதல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கு வேலைகளும் இப்படியே நடந்துவிடுகின்றன. சுழலி ஒருமுறை சுற்றினால் எஞ்சின் தண்டு மூன்று முறை சுற்றும்.

இரண்டு சுழலிகள், ஒரு தண்டு. மூன்றே அசையும் உறுப்புகள் என்று இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடில்லை. ஒவ்வொரு சுழலியிலும் முனை அடைப்புகள் 3, மூலை அடைப்புகள் 6, பக்க அடைப்புகள் 6. இரண்டு சுழலிகளுக்கும் சேர்த்தால் 30. இவை அனைத்தும் அசைபவை, உராய்பவை. எஞ்சினின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. ஓர் அடைப்பு சரியாகப் பொருந்தாவிட்டால் அழுத்திய வாயு பக்கத்து அறைக்குக் கசிந்துவிடும்.

முனை அடைப்பு என்பது 80 மி.மீ. நீளமும் 2 அல்லது 3 மி.மீ. தடிப்பும் உள்ள வார்ப்பிரும்புப் பட்டை. அது படும் பாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 13பி-யில் சுழலியின் மையத்திலிருந்து முனை 105 மி.மீ. தொலைவில் இருக்கிறது. அந்த மையமும் சும்மா இருப்பதில்லை. தண்டின் அச்சை 15 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தில் சுற்றி வருகிறது. தண்டு நிமிடத்திற்கு 6,000 முறை, அதாவது விநாடிக்கு 100 முறை சுற்றுவதாகக் கொள்ளுங்கள். மையத்தின் வேகம் விநாடிக்கு 9.4 மீட்டர். சுழலி தன்னைத்தானே விநாடிக்கு 33.3 முறை சுற்றுவதால் முனைக்குக் கிடைக்கும் வேகம் 22 மீட்டர். கூட்டின் நீண்ட கோடிகளில் இவ்விரண்டும் ஒரே திசையில் சேர்ந்து 31.4 மீட்டர் ஆகின்றன. இடுப்பில் எதிரெதிராக அமைந்து 12.6 மீட்டராகக் குறைகின்றன. ஆக, மணிக்கு 113 கி.மீ. வேகத்தில் சுவரைத் தேய்த்தபடி ஓடும் பட்டை, கணப்பொழுதில் பாதிக்கும் கீழே வேகம் குறைந்து, மீண்டும் விரைகிறது. சுவருக்கு நேர்நிமிராக நிற்பதும் இல்லை. இருபுறமும் 25 பாகை வரை சாய்ந்து சாய்ந்து ஓடுகிறது.

1960-களில் ஹிரோஷிமாவில் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் உழைத்த மாஸ்டா பொறியாளர்களை வாட்டி வதைத்ததும் இந்தப் பட்டைதான். அது அதிர்ந்து துள்ளிச் சுவரில் வரிவரியாகக் கீறிவிட்டது. 'பிசாசின் நகக்கீறல்' என்றே அதற்குப் பெயரிட்டார்கள். பட்டையின் அமைப்பையும் பொருளையும் மாற்றிய பிறகே 1967-இல் அவர்களுடைய முதல் சுழல் எஞ்சின் கார் விற்பனைக்கு வந்தது.

இனிப் பழக்குதலுக்கு வருவோம். புதிய ஆட்டுக்கல்லில் அன்றே தோசைக்கு மாவாட்டுவது உண்டா? முதலில் தவிட்டைப் போட்டு ஆட்டி, கல்லும் குழவியும் ஒன்றோடொன்று பொருந்தும்படி செய்து, உதிரும் பொடியைக் கழுவிக் கொட்டுகிறோம். எஞ்சினிலும் அதுவே. எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் உலோகப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் இருக்கும். கூட்டின் சுவர் கடினமான குரோமியப் பூச்சு. அடைப்போ அதைவிட மென்மையான இரும்பு. முதல் சில மணி நேரத்தில் அடைப்பின் மேடுகள் தேய்ந்து, அந்தச் சுவருக்கென்றே செய்தது போன்ற விளிம்பு அதற்கு அமைய வேண்டும்.

'அப்படியானால் மெதுவாக நெடுநேரம் ஓட்டலாமே!' என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அடைப்பைச் சுவரோடு அழுத்துவது பெரும்பாலும் அதன் அடியிலுள்ள சுருள்வில் அன்று, எரிந்த வாயுதான். வாயு பள்ளத்தினுள் புகுந்து அடைப்பைக் கீழிருந்து தள்ளுகிறது. 2 மி.மீ. பட்டையின் அடிப்பரப்பு 1.6 சதுர செ.மீ. அறையில் 30 வளிமண்டல அழுத்தம் இருந்தால், ஏறத்தாழ 50 கிலோகிராம் எடையளவு விசை அதைத் தள்ளும். மேற்புறத்து வாயு இதில் ஒரு பகுதியை ஈடுசெய்தாலும் மீதமே சுருள்வில்லின் விசையை விட மிக அதிகம். சுமையின்றி ஓட்டினால் இந்த அழுத்தம் எழாது. அடைப்பு சரியாகப் பதியாது. அதிகச் சுமையோடு ஓட்டினாலோ, இன்னும் பொருந்தாத பரப்புகள் மிதமிஞ்சிச் சூடாகும். ஆகவே சுமை வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும்.

அந்த அளவைக் காட்டும் கருவி விமானத்தின் மூக்கிலேயே இருக்கிறது: புரொபெல்லர்! 1.8 மீட்டர் குறுக்களவுள்ள புரொபெல்லரை எஞ்சினோடு நேரடியாகப் பூட்டி 6,000 சுற்றில் ஓட்டினால் அதன் நுனி விநாடிக்கு 565 மீட்டர் வேகத்தில், ஒலியையும் முந்தி ஓடும், பயனில்லை. எனவே இடையில் ஒரு பல்சக்கரப் பெட்டி வைத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். புரொபெல்லர் விழுங்கும் திறன் அதன் சுற்றின் மும்மடிக்கு நேர்விகிதம். எஞ்சின் 6,000 சுற்றில் 160 குதிரைத்திறன் தருவதாகக் கொண்டால், 3,000 சுற்றில் 20 போதும். 4,000 சுற்றில் 47. 'தொடக்கத்தில் 4,000-ஐத் தாண்டாதே' என்று எஞ்சின் பூட்டுவோர் வழக்கமாகச் சொல்வதன் பொருள் இப்போது விளங்கும். முள் மூன்றில் இரண்டு பங்கில் நின்றாலும் சுமை மூன்றில் ஒரு பங்கை எட்டுவதில்லை.

முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுவார்கள். உலர்ந்த உலோகம் உலோகத்தின் மேல் ஓடக்கூடாது. முனை அடைப்புகளுக்குத் தனியாக எண்ணெய் வேண்டும் என்பதால், பெட்ரோலிலேயே லிட்டருக்கு 8 மில்லிலிட்டர் அளவில் இரு-வீச்சு எண்ணெயைக் கலப்போரும் உண்டு. பிறகு விமானத்தின் வாலை உறுதியான கம்பத்தில் கட்டி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, புரொபெல்லர் சுற்றும் தளத்தில் ஒருவரும் நில்லாதபடி பார்த்துக்கொண்டு, எஞ்சினைத் தொடங்குவார்கள். ஒரே சுற்றில் நிறுத்திவைக்காமல் ஏற்றியும் இறக்கியும் ஓட்டுவார்கள்.

ஆனால் நெடுநேரம் ஓட்ட முடியாது. பறக்கும் விமானத்தில் விநாடிக்கு 50 மீட்டர் வேகக் காற்று, சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன் அழுத்தத்தோடு குளிர்விப்பான்களினுள் பாயும். கட்டிவைத்த விமானத்துக்கு அது ஏது? புரொபெல்லரின் அடிப்பகுதி தள்ளும் காற்று சொற்பமே. அதிலும் இவ்வெஞ்சினில் சுழலியின் உட்புறத்தைக் குளிர்விப்பது எண்ணெய். குளிர்விப்பான்கள் வெளியேற்றும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் வழியே போகிறது. நீரின் வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் ஏமாந்துபோவார். எண்ணெயின் முள் ஏறினால் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி தொடங்க வேண்டியதுதான். பொறுமை இல்லாதவர் இந்தக் கட்டத்திலேயே எஞ்சினைக் கெடுத்துவிடுவார்.

அடைப்புகள் பதிந்தனவா என்று எப்படி அறிவது? பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றினால், சுழலியின் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று முறை 'புஸ், புஸ், புஸ்' என்று காற்று வெளிப்படும். மூன்றும் ஒரே பலத்தோடு ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மெலிந்தால் அந்தப் பக்கத்து அடைப்பில் கோளாறு. அழுத்தமானி வைத்து அளந்தால், முதல் நாளில் இருந்ததை விட அழுத்தம் சற்றே ஏறியிருப்பது தெரியும். எண்ணெயையும் வடித்து, வடிகட்டியை வெட்டி விரித்து, உலோகத் துகள் இருக்கிறதா என்று காந்தத்தால் துழாவுவார்கள். மாவு போன்ற பொடி கொஞ்சம் இருந்தால் இயல்பு. செதில் செதிலாக இருந்தால் எஞ்சினைத் திரும்பப் பிரிக்க வேண்டும்.

மிச்சப் பழக்குதல் வானத்தில் நடக்கிறது. இத்தகைய எஞ்சின் பூட்டிய விமானம் வழக்கமாக முதல் 40 மணி நேரம் சோதனைப் பறப்பு செய்ய வேண்டும் என்பது அமெரிக்க விதி. சான்று பெற்ற எஞ்சினும் புரொபெல்லரும் சேர்ந்திருந்தால் 25 மணி. அதுவரை பயணிகளை ஏற்றக்கூடாது. குறித்த எல்லைக்குள், மக்கள் நெருங்கி வாழாத இடத்தின் மேல்தான் பறக்க வேண்டும். இப்போது காற்று தாராளம். எஞ்சினுக்கு நல்ல சுமையும் கொடுக்கலாம். 1 மீட்டர் இறங்குவதற்குள் 8 மீட்டர் முன்னேறும் விமானம், 1,000 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றாலும் காற்றில்லாத நாளில் 8 கி.மீ. மிதந்து செல்லும். ஆகவே விமானி முதலில் ஓடுபாதைக்கு மேலேயே வட்டமிட்டு உயரம் ஏறுவார். ஏறிய பிறகும் 8 கி.மீ. வட்டத்தை விட்டு வெளியே போகமாட்டார்.