மொடல் தொழிலிற் புகுவோர் கண்ணிற் படுவது எவ்வாறு?

1966ஆம் ஆண்டு ஜனவரி மாதத்திலே, இலண்டன் மாநகரின் மேபெயர் பகுதியில் லியனாட் என்பார் நடத்திய முடியலங்கார நிலையத்துக்குப் பதினாறு வயதுப் பெண்ணொருத்தி சென்றாள். லெஸ்லி ஹோன்பி என்பது அவள் பெயர்; தந்தையார் தச்சுத் தொழிலாளி. புதியதொரு குட்டை முடியமைப்பைச் செய்து பார்ப்பதற்கு லியனாட்டுக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. வெட்டுதலும் நிறமூட்டுதலுமாக ஏறத்தாழ ஏழு மணி நேரம் அவள் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தாள். பின்னர் பரி லற்றகன் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்கள் அந்நிலையத்திலே மாட்டப்பட்டன. டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் ஆடையலங்கார எழுத்தாளர் டியர்ட்ரி மக்ஷரி அவற்றைக் கண்டு, யார் இப்பெண் என வினவினார். பெப்ரவரி 23ஆம் திகதி, அவ்வாண்டின் முகம் இதுவே என்ற அறிவிப்போடு அவள் படம் அப்பத்திரிகையில் வெளிவந்தது. ட்விகி என்று உலகம் அறிந்த மொடல் அழகி இவரே.

இக்கதையைக் கேட்கும் இளையோர், "அதிர்ஷ்டம் வாய்த்தது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். எம் மாணாக்கரும் அவ்வாறே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆயின் சற்று நிதானித்துப் பார்த்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பது விளங்கும். ட்விகியின் உயரம் 5 அடி 6 அங்குலம். மொடல் தொழிலுக்கு அது போதாதென்று கருதப்பட்ட காலம் அது. முழு உருவத்தை விடுத்து முகத்தையும் தலையையும் மட்டும் காட்டிய படமே அவருக்கு வழி திறந்தது. அப்படமும் ஏதோ ஒரு சுவரில் தொங்கவில்லை. பத்திரிகையாளரும் செல்வரும் வந்து போகும் இடத்துச் சுவரில் தொங்கிற்று. பார்க்க வேண்டியவர் பார்க்கும் இடத்திலே படம் இருந்தது என்பதே இதில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி.

கேட் மொஸ் என்பாரின் வரலாறும் இத்தகையதே. 1988இல், பதினான்கு வயதில், விடுமுறை கழித்துத் திரும்பும் வழியில், நியூயோர்க் கென்னடி விமான நிலையத்திலே அவர் கண்டெடுக்கப்பட்டார். கண்டவர் சேரா டுக்காஸ் என்னும் மாது. அவர் வெறும் பயணியல்லர். முந்திய ஆண்டிலேதான் இலண்டனில் ஸ்ரோம் என்ற மொடல் முகவர் நிலையத்தைத் தொடங்கியவர். புதுமுகம் தேடுவதே அவர் தொழில். சூடானில் நடந்த உள்நாட்டுப் போருக்குத் தப்பி 1991இல் இங்கிலாந்து சேர்ந்த அலெக் வெக், 1995இல் இலண்டன் கிறிஸ்டல் பலஸ் பகுதியின் திறந்தவெளிச் சந்தையொன்றிலே முகவர் கண்ணிற் பட்டார். இரண்டு ஆண்டுகளின் பின், 1997 நவம்பரில், எல் சஞ்சிகையின் அமெரிக்கப் பதிப்பு அவரது கரிய திருமுகத்தை அட்டையிலே தாங்கி வந்தது. வெண்ணிறமே அழகென்று மயங்கி, முகப்பூச்சுகளுக்குப் பணத்தை இறைக்கும் நம்மவர் அவ்வட்டைப் படத்தை ஒருமுறை பார்ப்பது நன்று.

கண்ணிற் படுவதற்கென்றே கட்டிவிடப்பட்ட கதைகளும் உண்டு. இமான் என்பாரை 1975இல் நைரோபி நகரிலே கண்டவர் பீற்றர் பியர்ட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். அப்பொழுது இமான் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் பயின்றுகொண்டிருந்தார்; சோமாலிய நாட்டுத் தூதுவர் ஒருவரின் மகள்; பல மொழிகள் பேச வல்லவர். படத்துக்கு நிற்பதற்குப் பிரதியாகத் தமது பல்கலைக்கழகக் கட்டணத்தையே அவர் கேட்டார் என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஆயின் அவர் நியூயோர்க்கிற் போய் இறங்கியபோது பத்திரிகைகளுக்குச் சொல்லப்பட்டது யாது? ஆபிரிக்கக் காட்டிலே கால்நடை மேய்த்துத் திரிந்த பெண், நாகரிகம் அறியாதவள் என்பதே! இமான் பின்னர் அப்பொய்யைத் தாமே மறுத்துரைத்தார். கவனத்தை ஈர்ப்பதற்காக ஒருவரின் கல்வியையும் குடிப்பிறப்பையும் மறைத்துவிடும் வியாபாரம் எமக்குச் சற்றும் உவப்பானதன்று. அவர் முதன்முதல் வோக் சஞ்சிகைக்காகப் படம் எடுக்கச் சென்றபோது, அங்கிருந்த ஒப்பனையாளரிடம் அவருடைய நிறத்துக்கு ஏற்ற பூச்சு இருக்கவில்லை. அக்குறையை அவர் மறக்கவில்லை. 1994இல் தம் பெயராலேயே ஒப்பனைப் பொருள் நிறுவனமொன்றைத் தொடங்கினார்.

விமான நிலையமும் சந்தையும் சிலருக்கே வாய்க்கும். ஏனையோர் விண்ணப்பித்தே புகுகின்றனர். 1923இல் ஜோன் றொபேட் பவேர்ஸ் என்ற நடிகர் நியூயோர்க்கில் மொடல் முகவர் நிலையத்தைத் தொடங்கிய நாள் முதலாக, விண்ணப்பப் படங்கள் முகவர் மேசையிலே குவிந்தவண்ணம் உள்ளன. முகவர் விரும்புவது எத்தகைய படம்? இங்கேதான் புதியவர் பலரும் தவறுகின்றனர். ஒப்பனை மிகுந்த, அலங்கார விளக்கொளியில் எடுத்த, கறை நீக்கித் திருத்திய படங்களை அவர்கள் அனுப்புகின்றனர். முகவருக்கு வேண்டுவதோ வெறும் முகம். முடியைப் பின்னே கட்டி, பூச்சின்றி, எளிய உடையில், பகல் வெளிச்சத்திலே, வெற்றுச் சுவரின் முன் நின்று எடுத்த நான்கைந்து படங்கள் போதும்: முன்புறம், பக்கவாட்டு, இடை வரை, முழு உருவம். அவற்றோடு உயரமும் உடலளவும் உண்மையாகக் குறிக்கப்படல் வேண்டும். கைப்பேசியிலே தாயாரோ தமையனோ எடுத்த படம் இதற்குத் தாராளமாக உதவும். செலவு ஒரு சதமுமில்லை.

செலவில்லை என்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு. "உங்கள் பிள்ளைக்கு அரிய முகவெட்டு, பதிவுக் கட்டணமும் படத்தொகுப்புக்கான பணமும் கட்டுங்கள்" என்று கேட்போர் எந்நாட்டிலும் உளர். பிள்ளையின் முகத்தைப் புகழ்ந்தால் மயங்காத பெற்றார் அரியர். அம்மயக்கமே அன்னாரின் மூலதனம். நேர்மையான முகவர் நிலையம், மொடல் உழைத்த ஊதியத்தில் ஒரு பங்கைத் தரகாகப் பெற்றே வாழ்கிறது. வேலை வாங்கித் தருமுன் அவர் கையிலிருந்து பணம் பெறுவதில்லை. பிரித்தானியாவிலே மொடல்களிடம் முற்பணம் அறவிடுவது 2010இல் தடைசெய்யப்பட்டது. நியூயோர்க் மாநிலத்திலே 2025 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த சட்டமும் அவ்வாறே வைப்புப் பணத்தைத் தடுக்கிறது. தரகு நூற்றுக்கு இருபதை விஞ்சலாகாது என்றும், ஒருவரின் உருவத்தைக் கணினியாற் போலியாக ஆக்கிப் பயன்படுத்துவதற்கு அவரிடம் எழுத்து மூலம் தனிச் சம்மதம் பெறல் வேண்டும் என்றும் அது விதிக்கிறது.

தேர்ந்தெடுக்கப்பட்டபின் தொடங்குவது நடையாய் நடக்கும் வாழ்வு. ஒரு நாளிற் பல இடங்களுக்குத் தொகுப்பைச் சுமந்து சென்று, வாசலிற் காத்திருந்து, ஓரிரு நிமிடம் முகங்காட்டி மீளவேண்டும். பெரும்பாலான இடங்களிற் கிடைக்கும் மறுமொழி மௌனமே. பிறநாட்டுக்கு அனுப்பப்படும் புதியவருக்கு விமானச் சீட்டும், பலர் சேர்ந்து தங்கும் அறை வாடகையும் பெரும்பாலும் கடனாகவே எழுதப்படுகின்றன. ஊதியம் வரும்பொழுது அவை கழிக்கப்படும். வேலை பல செய்தும் கடனாளியாகவே ஊர் திரும்பியோர் உளர். ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் குடும்பத்தில் இருப்பது அழகிய முகம் இருப்பதினும் பயன் தரும் என்பேன்.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினைந்து, பதினாறு வயதிலே தமக்குத் தெரியாத பெரியோர் நிறைந்த அறையில் ஒரு பெண் தனியே நிற்கிறாள். "மாட்டேன்" என்று சொன்னால் அடுத்த வேலை கிடையாது என்ற அச்சம் அவளுக்கு. கேட் மொஸ் 2022இல் பிபிசி வானொலியிலே பேசுகையில், இளவயதில் மேலாடையைக் களையுமாறு வற்புறுத்தப்பட்டு அழுததை வெளிப்படையாகக் கூறினார். நியூயோர்க் மாநிலம் 2013இல் பதினெட்டு வயதுக்குக் குறைந்த மொடல்களைச் சிறுவர் கலைஞருக்குரிய தொழிற்சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. வோக் சஞ்சிகையை வெளியிடும் நிறுவனம், பதினெட்டு வயது நிரம்பாதோரை வளர்ந்தவர் போலக் காட்டிப் படம் வெளியிடுவதில்லை என்று 2018இல் அறிவித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே வரவேண்டியவை இவை.

அந்தக் கவனமும் நெடுநாள் நில்லாது. ட்விகி மொடலாக நின்றது நான்கே ஆண்டுகள். 1970இல் அதனை விட்டு நடிப்புக்குத் திரும்பினார். அவருக்கு முன்னர் இலண்டனில் முதன்மை பெற்றிருந்த ஜீன் ஷ்ரிம்ப்டன், செயலாளர் பயிற்சி பெற்றபின் லூசி கிளேற்றன் பயிற்சிக் கூடத்தில் முறையாகக் கற்று, 1960இல் பதினேழாம் வயதிலே தொழிலிற் புகுந்தவர். கண்ணிற் படுவதை அவர் என்றுமே விரும்பவில்லையாம். பின்னாளிலே கோர்ன்வால் மாவட்டத்துப் பென்சான்ஸ் என்ற கடற்கரை நகரில் ஒரு பழைய வீட்டை வாங்கி விடுதியாக்கி, கணவருடன் அதனை நடத்தி வந்தார்.