திருட்டு அலாரம் வாங்கியாச்சு, தினமும் ஆன் பண்றீங்களா? கீபேட் முன்னாடி போட வேண்டிய கணக்கு



பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் போட்டாச்சா? டிக்கெட் கன்ஃபர்ம் ஆனதும் அடுத்து வர்ற கவலை, "நாலு நாள் வீட்டைப் பூட்டிட்டுப் போறோமே, ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்பதுதான். அந்தக் கவலையில பலர் ஒரு திருட்டு அலாரம் செட் ஆர்டர் போடுவாங்க. வாசக்கதவுல ஒரு சென்சார், ஹால்ல ஒரு சென்சார், சுவத்துல நம்பர் பட்டன் இருக்கிற கீபேட், அலறுறதுக்கு ஒரு சைரன். மாட்டிட்டு, மேனுவலை ஃப்ரிட்ஜ் மேல வெச்சிட்டு மறந்துடுவாங்க.

எந்த பிராண்ட் வாங்கலாம்னு இன்னைக்குப் பேசப் போறதில்லை. வாங்கினதை எப்படி இயக்குறதுன்னு பார்ப்போம். பணத்தைப் பத்திப் பேசுற இடத்துல இது எதுக்குன்னு கேட்கலாம். கீழே இருக்கிற கணக்கைப் பாருங்க, புரிஞ்சிடும்.

ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?

ஒரு உதாரணத்துக்கு, அலாரம் செட்டின் விலை ₹15,000 என்று வைத்துக்கொள்வோம். அதுக்குள்ள போடுற சிம் கார்டுக்கு மாதம் ₹150, அஞ்சு வருஷத்துக்கு ₹9,000. நடுவுல ஒரு தடவை பேட்டரி மாத்த ₹1,500. சர்வீஸ்காரர் ரெண்டு தடவை வந்து போக ₹1,000. மொத்தம் ₹26,500.

தினமும் ஆன் பண்ணினா, அஞ்சு வருஷத்துல 1,825 நாள். ஒரு நாளைக்குச் சுமார் ₹14.50, ஒரு டீ விலை.

வருஷத்துக்கு 10 நாள், ஊருக்குப் போறப்ப மட்டும் ஆன் பண்ணினா, மொத்தமே 50 நாள். ஒரு நாளைக்கு ₹530.

ஜிம் மெம்பர்ஷிப் மாதிரிதான் இதுவும். காசு கட்டிட்டுப் போகாம இருந்தா விலை ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஜிம்முக்குப் போகாத நாள்ல நஷ்டம் கொஞ்சம்தான். அலாரத்தை ஆன் பண்ணாத அந்த ஒரு நாள்ல நஷ்டம் பீரோ முழுக்க இருக்கலாம்.

ஆன் பண்றதை ஏன் விட்டுடுறோம்? பெரும்பாலும் மூணு காரணம்: பட்டன் குழப்பம், நடுராத்திரியில காரணமே இல்லாம அலறுறது, வீட்டுல பெரியவங்களுக்குப் பயம். மூணையும் சரி பண்ண ஒரு ஞாயித்துக்கிழமை காலை போதும்.

ரெண்டு மோட் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது

கீபேட்ல எத்தனை பட்டன் இருந்தாலும் தினசரி வேணுங்கிறது மூணுதான். ஆஃப், அவே, ஸ்டே.

அவே என்பது வீட்டுல யாருமே இல்லாதப்போ போடுறது. கதவு சென்சார், ஜன்னல் சென்சார், உள்ளே ஆள் நடமாட்டத்தைப் பார்க்கிற சென்சார் எல்லாமே வேலை செய்யும்.

ஸ்டே என்பது நாம வீட்டுக்குள்ள இருக்கும்போது, முக்கியமா ராத்திரி தூங்கும்போது போடுறது. கதவும் ஜன்னலும் காவல்ல இருக்கும். உள்ளே இருக்கிற நடமாட்ட சென்சார் மட்டும் ஓய்வுல இருக்கும். தண்ணி குடிக்க எழுந்து போனா அலறாது.

இந்த ஸ்டே மோட் இருக்கிறதே தெரியாம, ராத்திரியிலயும் அவே போட்டுட்டு, பாத்ரூம் போனதும் சைரன் அடிச்சு, தெருவே எழுந்து, அடுத்த நாள்ல இருந்து அலாரத்தையே தொடாத வீடுகள் உண்டு. தினசரி ₹14.50-ல முடிய வேண்டியது ₹530 ஆகுறது பல வீடுகள்ல இங்கேதான்.

மாடலுக்கு மாடல் பட்டன் மாறும். சிலதுல பூட்டு படம், வீடு படம் போட்ட தனி பட்டன் இருக்கும். சிலதுல ரகசிய எண்ணை அழுத்திட்டு, அப்புறம் ஒரு நம்பரை அழுத்தணும். உங்க மேனுவல்ல இந்த மூணு வேலைக்கான பட்டனை மட்டும் கண்டுபிடிங்க. மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.

30 விநாடி உங்களுக்காகத்தான்

அவே போட்டதும் கீபேட் "பீப் பீப்"னு அடிக்கும். பயப்பட வேண்டாம். நீங்க வெளியே போய்க் கதவைப் பூட்ட அது கொடுக்கிற நேரம் அது. திரும்பி வந்து வாசக்கதவைத் திறந்தாலும் அதே மாதிரி அடிக்கும். கீபேடுக்கு வந்து எண்ணை அழுத்த அது தர்ற அவகாசம். 30 விநாடி, 60 விநாடின்னு நாமே மாத்தி வெச்சுக்கலாம்.

இந்த நேரத்தை உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி அளந்து வைங்க. வாசல்ல கிரில் கேட், அதுக்குள்ள மரக்கதவுன்னு ரெண்டு பூட்டு இருந்தா, சாவி தேடிப் பூட்ட 30 விநாடி பத்தாது. கையில காய்கறிப் பையோட திரும்பி வர்ற அம்மாவுக்கும் கொஞ்சம் கூடுதலா வேணும். அதுக்காக ரெண்டு நிமிஷம்னு வெச்சுடாதீங்க. கதவை உடைச்சு உள்ளே வர்றவனுக்கும் அதே ரெண்டு நிமிஷம் கிடைக்கும். போனை எடுத்து ஸ்டாப்வாட்ச் போட்டுப் பாருங்க. ஆகிற நேரத்தோட 10 விநாடி சேர்த்து வைங்க.

இந்த அவகாசம் வாசக்கதவுக்கு மட்டும் போதும். பின்கதவு, பால்கனி, ஜன்னல் எல்லாம் திறந்த உடனே அலறணும். நாம யாரும் ஜன்னல் வழியா வீட்டுக்கு வர்றதில்லையே!

நாலு எண்ணுக்கு 24 வாய்ப்பு

புதுசா வர்ற பல செட்டுகள்ல 1234 மாதிரியான எண்தான் இருக்கும். அதே மேனுவல் இன்டர்நெட்ல யார் வேணும்னாலும் படிக்கலாம். முதல் நாளே மாத்திடுங்க. மாட்ட வந்தவர் செட்டிங்ஸுக்காகப் பயன்படுத்துற எண் தனியா ஒண்ணு இருக்கும். அதையும் மாத்தச் சொல்லுங்க.

பிறந்த வருஷம், வண்டி நம்பர், ஏ.டி.எம். பின், யு.பி.ஐ. பின் இதுல எதுவும் வேண்டாம். அலாரம் எண் வீட்டுல நாலு பேருக்குத் தெரியப் போற எண். அது உங்க பேங்க் கணக்கைத் திறக்கிற எண்ணா இருக்கக் கூடாது.

இன்னொரு சின்ன கணக்கு. நாலு இலக்க எண்ணுக்கு மொத்தம் 10,000 வாய்ப்பு. ஆனா ஒரே எண்ணை ரெண்டு வருஷமா அழுத்தினா அந்த நாலு பட்டன் மட்டும் தேய்ஞ்சு, அழுக்குப் படிஞ்சு தெரியும். எந்த நாலு எண்ணுன்னு தெரிஞ்சுட்டா மிச்சம் இருக்கிறது 24 வாய்ப்புதான். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எண்ணை மாத்துங்க. கீபேடைத் துணியால துடைச்சு வைங்க. தப்பான எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினா கீபேட் லாக் ஆகுற வசதி இருந்தா, அதை ஆன் பண்ணி வைங்க.

ஒவ்வொருத்தருக்கும் தனி எண் கொடுக்க முடிகிற மாடலா இருந்தா கட்டாயம் அதைச் செய்யுங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு ஒண்ணு, செடிக்குத் தண்ணி ஊத்த வர்ற பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒண்ணு. வேலை முடிஞ்சதும் அந்த எண்ணை மட்டும் அழிச்சிடலாம். யாரையும் சந்தேகப்படணும்னு இல்ல. ஏதாவது நடந்தா, சம்பந்தமே இல்லாத ஒருத்தர் மேல பழி விழாம இருக்கவும் இது உதவும்.

சில மாடல்கள்ல மிரட்டல் எண்ணும் உண்டு. யாராவது கத்தியைக் காட்டி "ஆஃப் பண்ணு"ன்னா, இந்த எண்ணை அழுத்தினா வழக்கம்போல ஆஃப் ஆகும். ஆனா சத்தமே இல்லாம வெளியே தகவல் போயிடும். அந்தத் தகவல் யாருக்குப் போகணும்னு முன்னாடியே பதிவு பண்ணியிருந்தாதான் பயன்.

பல்லி, ஃபேன் காத்து, திரைச்சீலை

நடமாட்ட சென்சார் உடம்புச் சூடு நகர்றதைப் பார்க்குது. ஆனா அதோட கண்ணாடி மேலயே பல்லி ஓடினா, எட்டுக்கால் பூச்சி உட்கார்ந்தா, மதிய வெயில் நேரா விழுந்தா, ஏ.சி. காத்து முகத்துல அடிச்சாலும் ஏமாந்து போகும். ஜன்னலைப் பார்த்த மாதிரியும், ஏ.சி.க்கு எதிரயும் மாட்டாதீங்க. மாசம் ஒரு தடவை ஒட்டடை அடிக்கும்போது அதையும் துடைங்க.

ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஸோன் நம்பர் இருக்கும். 1 வாசக்கதவு, 2 பின்கதவு, 3 ஹால்னு ஒரு சீட்டுல எழுதி அலமாரிக்குள்ள ஒட்டி வைங்க. அலறும்போது கீபேட் "3"ன்னு காட்டினா உடனே ஹால்னு புரியும். ரகசிய எண்ணை அந்தச் சீட்டுல எழுதிடாதீங்க! ஒரு சென்சார் மட்டும் தொல்லை பண்ணினா, அந்த ஸோனை மட்டும் பைபாஸ் பண்ணிட்டு மத்ததை ஆன்ல வைக்கலாம். மொத்தத்தையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனா பைபாஸ் தற்காலிகம்தான். அந்த வாரமே சரி பண்ணிடுங்க.

யாருக்கு போன் வரும்?

சிம் போடுற செட்டுகள் அலறும்போதே பதிவு பண்ணின நம்பர்களுக்கு வரிசையா கூப்பிடும், மெசேஜ் அனுப்பும். முதல் நம்பரா எல்லாரும் தன் நம்பரைப் போடுவாங்க. நீங்க அந்த நேரம் மதுரைக்குப் போற ரயில்ல சிக்னல் இல்லாம இருந்தா? வீட்டுக்குப் பக்கத்துல இருந்து, கேட்ட உடனே 112-க்குக் கூப்பிடக்கூடிய ஒருத்தர் நம்பரும் அதுல இருக்கணும். அவரைத் தனியா உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லாதீங்க. வெளியே நின்னு போலீஸைக் கூப்பிட்டா போதும்.

சிம்முக்கு ரீசார்ஜ் முடிஞ்சிருந்தா அலாரம் ஊமை. காலெண்டர்ல ரிமைண்டர் போடுங்க, இல்லேன்னா ஆட்டோபே வைங்க. உங்க செட் 2ஜி மட்டும் பிடிக்கிற மாடலா இருந்தா ஜியோ சிம் வேலை செய்யாது. அவங்களுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது.

கரண்ட் போனா உள்ளே இருக்கிற பேட்டரிதான் காப்பாத்தும். கீபேட்ல பேட்டரி லைட் எரிஞ்சா, பீப் அடிச்சுக்கிட்டே இருந்தா, "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விடாதீங்க. மாசம் ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கிட்டு, அலாரம் அடிக்குதான்னு சோதிச்சுப் பாருங்க.

அம்மா அப்பாவுக்கு ஒரு ஒத்திகை

பகல்ல வீட்டுல தனியா இருக்கிறது பெரும்பாலும் அவங்கதான். "நான் எதையாவது அமுக்கி ஊரைக் கூட்டிடுவேன்ப்பா"ன்னு ஒதுங்கிடுவாங்க. அதனால ஞாயித்துக்கிழமை காலையில, பக்கத்து வீட்டுல சொல்லிட்டு, வேணும்னே ஒரு தடவை அலற விடுங்க. அவங்க கையாலயே எண்ணை அழுத்தி நிறுத்தச் சொல்லுங்க. ரெண்டு, மூணு தடவை. சைரன் சத்தத்தை நிறுத்தத் தெரிஞ்சுட்டா பயம் போயிடும். கீபேட் எழுத்து சின்னதா இருந்தா, ஸ்டே பட்டன் மேல கலர் ஸ்டிக்கர் ஒட்டிடுங்க.

அலாரம் இருந்தா இன்ஷூரன்ஸ் வேண்டாமா?

வேணும். அலாரம் திருடனைத் துரத்தும். போனதைத் திருப்பித் தராது.

2021 ஏப்ரல்ல இருந்து வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டு பாலிசியை எடுத்துட்டு, "எல்லாமே கவர் ஆகுது"ன்னு நினைக்கிறவங்க உண்டு. அடிப்படையில அது தீ, வெள்ளம், புயல் மாதிரியானவற்றுக்கான பாலிசி. அந்த மாதிரி ஒரு சம்பவம் நடந்து, அதனால 7 நாளுக்குள்ள திருட்டுப் போனா மட்டும்தான் அதுல வரும். சாதாரண நாள்ல பூட்டை உடைச்சுத் திருடினா அந்த அடிப்படை பாலிசியில வராது. அதுக்குத் தனியா பர்க்லரி கவர் சேர்க்கணும். நகைக்கும் தனியாகக் கேட்கணும். வாடகை வீட்டுல இருக்கிறவங்க பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம்.

பர்க்லரி பாலிசியில ஒரு வார்த்தையைத் தேடிப் படிங்க: பலவந்தமா உள்ளே நுழைஞ்சிருக்கணும் என்கிற நிபந்தனை. பாலிசியில அப்படி எழுதியிருந்தா, பலாத்காரம் இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கேட்க முடியாதுன்னு 2004-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. கதவைத் திறந்து போட்டுட்டுப் போனா க்ளெய்ம் சிக்கல். வீடு தொடர்ந்து எத்தனை நாள் பூட்டியிருக்கலாம், அலாரம் இருக்குன்னு படிவத்துல எழுதிக் கொடுத்தா அதை இயங்குற நிலையில வெச்சிருக்கணுமா என்பதையும் கேட்டுக்குங்க.

நகைக்கு லாக்கர் நல்லதுதான். ஆனா அதுக்கும் வரம்பு உண்டு. 2022 ஜனவரி 1-ல இருந்து அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியோட குறைபாட்டால தீ, திருட்டு நடந்தா, இல்ல ஊழியர் மோசடி பண்ணினா, வங்கியோட பொறுப்பு வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை ₹3,000 என்றால் ₹3 லட்சம். உள்ளே இருக்கிற நகை அதுக்கு மேலயா கீழயான்னு நீங்களே பாருங்க.

இந்த ஞாயித்துக்கிழமை செய்ய வேண்டியது

1. முதல்ல கதவு, தாழ்ப்பாள், கிரில் பூட்டைச் சரி பாருங்க. பலவீனமான கதவுக்கு அலாரம் மாற்று கிடையாது.
2. பழைய எண்ணை மாத்துங்க, தேவையில்லாத எண்களை அழிங்க.
3. அவகாச நேரத்தை ஸ்டாப்வாட்ச் வெச்சு அளங்க.
4. போன் நம்பர் வரிசை, சிம் வேலிடிட்டி, பேட்டரி மூணையும் பாருங்க.
5. வீட்டுல எல்லாரும் ஒரு தடவை அலாரத்தை நிறுத்திப் பழகுங்க.
6. நகை, லேப்டாப், டி.வி. பில்லையும் போட்டோவையும் கிளவுட்ல ஏத்தி வைங்க. எஃப்.ஐ.ஆர்., க்ளெய்ம் ரெண்டுக்கும் கேட்பாங்க.
7. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி பக்கத்துக் காவல் நிலையத்துல சொல்லிட்டுப் போங்க. ஸ்டேட்டஸ் போடுறதை ஊர்ல இருந்து திரும்பி வந்து வெச்சுக்குங்க.

இன்னும் அலாரம் வாங்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை வீடுன்னா, வயர்லெஸ் செட்டா பாருங்க. சுவத்துல ஓட்டை போட வேண்டியது குறைவு, வீடு மாறும்போது கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம். ஆனா தினமும் ராத்திரி ஸ்டே பட்டனை அழுத்த வீட்டுல எல்லாரும் தயாரா இருக்காங்களான்னு முதல்ல பேசிக்குங்க. இல்லேன்னா அந்த ₹15,000-ல நல்ல பூட்டும் ஒரு பர்க்லரி கவரும் வாங்குறது மேல்.

கீபேட்ல எண் மாத்துறது, ஸோன் பைபாஸ் பண்றது எல்லாம் செஞ்சு காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு. அம்மா அப்பாவோட உட்கார்ந்து பாருங்க.