ஏடு எழுதிய கைகள்

ஊருக்குப் புதிதாக ஒருவர் வந்தால் நாம் முதலில் வினவுவது யாது? "உத்தியோகம் என்ன? காணி எவ்வளவு?" என்பதே. விடை கிடைத்ததும் அவருக்குக் கதிரை இடுவதா, திண்ணையோடு அனுப்புவதா என்று உள்ளத்துள் முடிவு செய்துவிடுகிறோம். செல்வத்தையும் புகழையும் கொண்டு மனிதரை மதிப்பிடும் இவ்வழக்கம் தகுமா என்பதை ஒருவர் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம், நேயர்களே.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். பின்னாளிற் புதுக்கோட்டையில் நீதிபதி. 1895இல் ராவ் பகதூர் பட்டமும் பெற்றவர். உலகம் மெச்சும் உயர்வுகள் அவரிடம் இருந்தன. ஆயினும் இன்று அவரை நினைப்பது அவற்றுக்காகவா? சிதைந்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றினாரே, அதற்காகவே. பதவியில் அவரை ஒத்தோர் பலர் அன்று இருந்தனர். அவர்களை இன்று யார் அறிவார்?

அப்படியாயின், செல்வம் போகட்டும், புகழே அளவுகோல் என்று கொள்ளலாமோ? அங்கேதான் தடை எழுகிறது.

பனையோலை என்றும் நிலைப்பதன்று. கறையானும் ஈரமும் சில நூற்றாண்டுகளுள் அதனை அழித்துவிடும். ஆகவே, பழைய ஏடு சிதையுமுன் எவரேனும் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதுதல் வேண்டும். பதப்படுத்திய ஓலையை இடக்கையிற் பிடித்து, எழுத்தாணியாற் கீறி, எழுத்துத் தெரியக் கரி தடவுவர். ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதையும் பெரும்பாலும் தவிர்ப்பர். கண்ணையும் முதுகையும் வருத்தும் வேலை அது. கூலிக்கு எழுதினாரும் உளர். அதனால் அவர்தம் உழைப்புச் சிறிதாகிவிடாது. தலைமுறை தலைமுறையாக இவர்கள் எழுதியிராவிடின், தாமோதரம்பிள்ளை எவ்வளவு தேடியும் அவர் கைக்கு ஓர் ஏடும் வந்திராது.

செல்வத்தை இகழ்வதும் என் கருத்தன்று. அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் பணம் வேண்டியதே. ஆனால் உளியின் விலையைக் கேட்டுத் தச்சனை மதிப்பிடுவார் உண்டோ?

ஏடெழுதியோருட் சிலர், எழுதி முடித்த நாளையும் தம் பெயரையும் இறுதி ஓலையிற் குறித்தனர். பலர் அதுவுஞ் செய்திலர். அவர்கள் ஊர் எது, காணி எவ்வளவு, நாம் அறியோம். இன்று கலித்தொகையின் பழம்பதிப்பை விரிப்போர் முகப்பிலே பதிப்பாசிரியர் பெயரைக் காண்பர். அதற்குமுன் எழுதிய கைகளுக்கு அங்கே ஒரு வரியும் இல்லை.