108 வரும்வரை என்ன பண்ணுவீங்க?

போன வருஷம் ஆபீஸ் கேன்டீன்ல ஒருத்தர் திடீர்னு சரிஞ்சு விழுந்தார். தட்டிக் கூப்பிட்டோம், அசைவில்லை, மூச்சும் இல்லை. 108-க்கு போன் பண்ணிட்டு நான் அப்படியே நின்னேன். செக்யூரிட்டி அண்ணன்தான் ஓடிவந்து நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சார். விழுந்தவர் பிழைச்சுட்டார்.

இதயம் நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படும். சென்னை டிராஃபிக்ல அதுக்குள்ள ஆம்புலன்ஸ் வருமா? அதுவரை ரத்தத்தை மூளைக்கு அனுப்புறது நம்ம கைதான். பெரியவர்களுக்கு நெஞ்சின் நடுவில், குறைந்தது 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தணும். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசா மேலே வர விடணும்.

சர்வருக்கு பேக்கப் இல்லாம நான் தூங்க மாட்டேன். வீட்ல இருக்கிற அப்பாவுக்கு? அந்த வாரமே சிபிஆர் வகுப்புல சேர்ந்துட்டேன். நீங்க எப்போ?