கதவைத் தட்டிய வாலிபர்கள்!
கனடா நாட்டில் எல்மிரா என்று ஒரு சிறிய ஊர். 1974-ம் ஆண்டு ஒரு நாள் இரவு குடிபோதையில் 2 வாலிபர்கள் தெருவில் இறங்கினார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள். 22 இடங்களில் நாசம்!

இருவரும் பிடிபட்டார்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். "நஷ்டம் அடைந்தவர்களை இவர்கள் நேரில் சந்திக்கட்டும்" என்று நன்னடத்தை அதிகாரி யோசனை கூறினார். முதலில் தயங்கிய நீதிபதி, பிறகு அப்படியே உத்தரவு போட்டார்.

வாலிபர்கள் வீடு வீடாகப் போனார்கள். "நாங்கள்தான் செய்தோம்" என்றார்கள். சிலர் மன்னித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள். சில மாதங்களில் நஷ்டஈடும் கொடுத்து முடித்தார்கள்.

அந்த வாசல்களில் நின்றது மிகக் கடினமாக இருந்தது என்று அவர்களில் ஒருவர் பின்னாளில் கூறினார். பிறகு அவரே இத்தகைய சந்திப்புகளுக்கு உதவும் தொண்டர் ஆனார்!

மனம் மாறுவது ஏன்?

கோர்ட்டில் வக்கீல் பேசுவார். குற்றவாளி சும்மா நிற்கலாம். "யாருக்கு என்ன நஷ்டம்?" என்று மனம் சாக்குச் சொல்லும். பாதிக்கப்பட்டவர் எதிரே உட்கார்ந்து, "அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை" என்றால், அந்தச் சாக்கு செல்லாது.

"நீ கெட்டவன்" என்று ஒதுக்கினால் குற்றம் வளரும். "நீ செய்தது கெட்ட காரியம், திருந்தி எங்களோடு இரு" என்றால் குறையும். ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் பிரெய்த்வெயிட் 1989-ல் எழுதிய நூலின் கருத்து இது.

ஒன்று முக்கியம். பாதிக்கப்பட்டவர் மனமார சம்மதித்தால்தான் சந்திப்பு. அவரைக் கட்டாயப்படுத்தினால் அது இன்னொரு குற்றம்!